மென்மையான பேட்ஜர் பிரஷ்ஷில் சவரம்: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த சவரப் பிரஷ் வாங்கியவர்களில் பலர் பத்து நாளில் அதை அலமாரிக்குள் போட்டுவிட்டு, பழையபடி ஜெல் டியூபுக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "நுரையே வரல்ல", "வந்த நுரை முழங்கை வரை வழியுது", "மழைக்காலத்துல நாறுது" என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இவை எதுவும் பிரஷ்ஷின் குற்றமில்லை. முதல் இரண்டும் தண்ணீர் அளவில் நேரும் பிழை. மூன்றாவது காய வைப்பதில் நேரும் பிழை. கடலோரத்தில் உவர்த் தண்ணீர், மலையோரத்தில் ஓயாத ஈரம் என்று இரண்டும் நம் மாவட்டத்தில் இருப்பதால், வெளியூர்க்காரர்கள் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றினால் சரிவராது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். மென்மையான பிரஷ்ஷில் வேலை செய்வது கையின் அழுத்தம் இல்லை, தண்ணீரின் அளவு.

1. எந்தப் பிரஷ், எந்த அளவு

பேட்ஜர் என்பது வளைக்கரடி, மண்ணில் வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடி அடியில் வெளுப்பாகவும், நடுவில் கறுத்த பட்டையாகவும், நுனியில் மறுபடி வெளுத்தும் இருக்கும். பன்றி முடியைவிட மெல்லியது, தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும். "பியூர்", "பெஸ்ட்", "சூப்பர்", "சில்வர்டிப்" என்று தரம் பிரிக்கிறார்கள். பியூர் கொஞ்சம் குத்தும், சில்வர்டிப் பஞ்சுபோல இருக்கும். இந்தப் பெயர்களுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் "பெஸ்ட்" இன்னொரு கம்பெனியில் "சூப்பர்" ஆகிவிடும். ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல், இரண்டு எண்களைப் பாருங்கள்.

முடிக்கொத்து பிடியோடு சேரும் இடத்தின் விட்டம் ஒன்று. பிடிக்கு மேலே முடி நிற்கும் உயரம் மற்றொன்று. புதியவருக்கு விட்டம் 22 முதல் 24 மி.மீ., உயரம் 48 முதல் 50 மி.மீ. போதும். 22 மி.மீ. கொத்தில் 55 மி.மீ. உயரம் என்றால் பிரஷ் துவண்டு விழும், கட்டிச் சோப்பிலிருந்து நுரை எடுக்கத் திணறுவீர்கள். 28 மி.மீ. கொத்து படத்தில் கம்பீரமாக இருக்கும், ஆனால் எடுக்கும் நுரையில் பாதியைத் தானே விழுங்கி வைத்துக்கொள்ளும்.

விலங்கு முடி வேண்டாம் என்பவர்கள் இன்று கிடைக்கும் நல்ல செயற்கை இழைப் பிரஷ்ஷைத் தயங்காமல் வாங்கலாம். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். அது தண்ணீரைக் குறைவாகப் பிடிக்கும், சீக்கிரம் காயும்.

2. செலவு, பில், சட்டம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஃபேன்சி கடைகளில் தொங்கும் பிரஷ்களில் பெரும்பாலானவை நைலான் அல்லது பன்றி முடிதான். பேட்ஜருக்கு இணையவழிதான் வழி. சாதாரண பேட்ஜர் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல்தான் தொடங்கும். சில்வர்டிப் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. முந்நூறு ரூபாய்க்கு "அசல் சில்வர்டிப்" என்று யாராவது போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிரஷ் விலையோடு கணக்கு முடியாது. ஒரு கிண்ணம், ஒரு ஷேவிங் சோப்பு அல்லது கிரீம், தொங்கவிட ஒரு கொக்கி இவையும் வேண்டும். சோப்பிலும் கிரீமிலும் இந்தியக் கடைச் சரக்கே போதும். முதல் மாதத்தில் விலையுயர்ந்த வெளிநாட்டுச் சோப்பு வாங்குவது வீண்செலவு. பழகும்போது பாதிச் சோப்பு வாஷ்பேசினுக்குத்தான் போகும்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் ஆதார் அல்லது பான் நகலை கூரியர்காரர்களுக்குக் கொடுத்து அடையாளச் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். பொருள் விலையோடு சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் மூன்றும் சேரும். ஆர்டர் போடும் முன்னே இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த பிரஷ் வீடு வந்து சேரும்போது உள்நாட்டு விலையைத் தாண்டிவிடுவது உண்டு.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். அதில் "பேட்ஜர்" என்று எழுதியிருக்க வேண்டும், வெறும் "ஷேவிங் பிரஷ்" என்று இருந்தால் பிற்பாடு வாதிட முடியாது. சந்தையில் உள்ள பேட்ஜர் முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. நம் நாட்டில் வாழும் தறைக்கரடி என்ற வளைக்கரடி வகை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. "காட்டிலிருந்து கிடைத்த முடி" என்று யார் கொண்டுவந்தாலும் தொடாதீர்கள். கீரி முடிப் பிரஷ்ஷுக்கும் இதே கதிதான். விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

3. வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை

திருப்பி அனுப்பும் கெடு பல தளங்களில் ஏழு முதல் பத்து நாள்தான். ஆகவே பெட்டியைப் பிரித்த அன்றே இவற்றைப் பாருங்கள்.

ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, நனைந்த பிரஷ்ஷை அதில் மெல்லத் தேயுங்கள். கறுப்பு இறங்கினால் நடுப்பட்டை சாயம். பன்றி முடியில் கோடு போட்டு பேட்ஜர் தோற்றம் கொடுப்பது பழைய வழக்கம்.

உதிர்ந்த முடி ஒன்றைத் தீக்குச்சியில் காட்டுங்கள். விலங்கு முடி என்றால் மயிர் கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். நைலான் உருகி, கடுகுபோல் உருண்டு நிற்கும்.

காய்ந்த பிரஷ்ஷை விரலால் பத்துப் பதினைந்து முறை வருடுங்கள். புதுப் பிரஷ்ஷில் சில முடிகள் உதிர்வது இயல்பு, முதல் இரண்டு வாரம் தொடரும். உதிர்ந்த முடியின் நீளம்தான் விஷயம். முழு நீளத்துக்கு, அடிவேரோடு கொத்தாக வந்தால் பசை பிடிக்கவில்லை, உடனே திருப்பி அனுப்புங்கள். துண்டு துண்டாக வந்தால் முடி ஒடிகிறது என்று அர்த்தம். அதற்குக் காரணம் பெரும்பாலும் நம் அழுத்தம்தான்.

4. முதல் மூன்று நாள்: வாடை போக்குதல்

புதுப் பேட்ஜரில் ஈரமான ஆட்டுத்தொழுவத்து வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு இரண்டு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் உள்ளங்கையில் மெல்லச் சுழற்றி அலசுங்கள். பிறகு ஷேவிங் சோப்பில் நல்ல நுரை எடுத்து, அந்த நுரையோடே ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து அலசிக் காயப்போடுங்கள். இப்படி மூன்று நாள் செய்தால் வாடை பெருமளவு போய்விடும். மிச்சம் தினப் பயன்பாட்டில் போகும்.

இந்த மூன்று நாளும் முகத்தில் பிளேடு வைக்காதீர்கள். வாடை போக எடுக்கும் நுரையையே முழங்கையில் பூசிப் பாருங்கள், கைப்பழக்கமும் சேர்ந்து வரும்.

5. தண்ணீர்: நம் மாவட்டத்தில் முதல் சிக்கல்

சோப்பு நுரைக்காததற்கு சோப்பையும் பிரஷ்ஷையும் திட்டுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக இருந்தால், அவை சோப்போடு சேர்ந்து திரிதிரியாக அழுக்குப்போல மிதக்கும். அந்த வேலை முடிந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரையாகும். கடற்கரைக் கிராமங்களில் போர் தண்ணீர் பல இடங்களில் இப்படித்தான்.

சோதனை சுலபம். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, ஷேவிங் சோப்பை நகத்தளவு சீவிப் போட்டு, மூடிப் பத்து முறை குலுக்குங்கள். மேலே கெட்டியான நுரையும் கீழே தெளிந்த தண்ணீரும் நின்றால் நல்ல தண்ணீர். நுரை கொஞ்சமாக, தண்ணீர் பால்போலக் கலங்கி நின்றால் அது கடினநீர். பக்கத்தில் மழைத்தண்ணீரையோ வாங்கிய குடிநீரையோ இன்னொரு பாட்டிலில் குலுக்கி வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கடினநீர் என்றால் கவலைப்பட வேண்டாம். பிரஷ் நனைக்கவும் நுரை எடுக்கவும் கால் லிட்டர் நல்ல தண்ணீர் போதும். அதைக் குடிநீர்க் குடத்திலிருந்து எடுங்கள், முகம் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும். கொதிக்க வைத்து ஆறவிட்டால் சில தண்ணீரில் கடினம் குறையும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஆனால் கடலோர உவர்ப்பு கொதித்தால் போகாது.

சூடு எவ்வளவு? விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் பிரஷ்ஷை முக்கினால் முடி முரடாகும், கொத்தைப் பிடித்திருக்கும் பசையும் இளகும்.

6. நுரை எடுத்தல்

நேரே முகத்தில் நுரை எடுக்கும் முறையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மென்மையான பிரஷ்ஷுக்குக் கிண்ணமே நல்லது. நான்கு, ஐந்து அங்குல எவர்சில்வர் கிண்ணம் போதும். உள்ளே வழவழப்பாகத் தேய்த்த பெரிய சிரட்டையும் நன்றாக வேலை செய்யும், கையில் வழுக்காது.

குளிக்கப் போகும் முன் சோப்பின் மேல் ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டுவிட்டுப் போங்கள். பிரஷ்ஷின் முடிப்பகுதி மட்டும் மூழ்கும்படி டம்ளரில் நிறுத்துங்கள். பிடி நனையக்கூடாது, மரப்பிடி என்றால் கட்டாயம் நனையக்கூடாது. பேட்ஜருக்கு இரண்டு நிமிடம் ஊறினாலே போதும், பன்றி முடிபோல நீண்ட நேரம் வேண்டாம்.

குளித்து வந்ததும் சோப்பின் மேல் நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். பிரஷ்ஷைத் தூக்கி, ஒழுகுவது சொட்டாகக் குறையும்வரை பிடித்து, பிறகு மூன்று முறை உதறுங்கள். உதறிய பிரஷ்ஷை உள்ளங்கையில் வைத்தால் கை நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. புதியவர்களில் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பேட்ஜர் பிடித்துவைக்கும் தண்ணீர் வெளியே தெரியாது. உதறாமல் சோப்பில் வைத்தால் பத்தே விநாடியில் கடல்நுரைபோலப் பெரிய பெரிய குமிழ் வரும், "ஆகா, நுரை வந்துவிட்டது" என்று தோன்றும். அதில் சோப்பே இல்லை, காற்றும் தண்ணீரும்தான்.

இனி நுனியால் மட்டும் சோப்பின் மேல் வட்டமாகச் சுழற்றுங்கள். நுனி ஒரு சென்டிமீட்டர் வளைந்தால் போதும். முதல் பத்து விநாடி குமிழ் பெரிதாக இருக்கும், பிறகு சிறுக்கும், முப்பது நாற்பது விநாடியில் நுனியில் பசைபோலச் சோப்பு அப்பியிருக்கும். மென்மையான பிரஷ் சோப்பைச் சுரண்டாது, அதனால்தான் இவ்வளவு நேரம். அவசரத்தில் அழுத்திக் குத்தினால் கொத்து நடுவில் பிளந்து வடைபோல ஓட்டை விழும். நாளடைவில் முடி அடியிலேயே ஒடியும். கிரீம் என்றால் இந்த வேலையே இல்லை. ஊறிய கொண்டைக்கடலை அளவு எடுத்துக் கிண்ணத்தின் அடியில் தடவினால் ஆயிற்று. முதல் இரண்டு வாரம் கிரீமிலேயே பழகுவது நல்லது.

பிரஷ்ஷைக் கிண்ணத்துக்கு மாற்றி அரை நிமிடம் சுழற்றுங்கள். கெட்டியாக, ஒட்டும் பசையாக வரும். இப்போது விரல்நுனிகளை நல்ல தண்ணீரில் முக்கி ஐந்தாறு சொட்டு மட்டும் தெளித்து, பத்துப் பதினைந்து விநாடி சுழற்றுங்கள். மறுபடி ஐந்தாறு சொட்டு. இப்படி நான்கு முதல் ஆறு முறை. மொத்தம் சேர்த்தாலும் இரண்டு டீஸ்பூன் தாண்டாது.

எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு சொட்டுக்கும் நுரை மாறுவதைக் கவனியுங்கள். முதலில் மங்கலாக, சுண்ணாம்புக் குழம்புபோல. பிறகு குமிழ்கள் கண்ணுக்கு மறைந்து, ஆப்பமாவுபோலக் குழைந்து வரும். கடைசியில் மேலே ஒரு பளபளப்பு ஏறும். பிரஷ்ஷைத் தூக்கினால் எழும் கூம்பு நிமிர்ந்தே நிற்காமல், நுனி மட்டும் மெல்லச் சாயும். அந்தப் பளபளப்பும் அந்தச் சாய்வும் வந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுவழுவென்று நழுவ வேண்டும்.

சரிதானா என்று பார்க்க, கையில் மெல்லப் பூசி மூன்று நிமிடம் விடுங்கள். குமிழ் வெடித்துத் தோல் தெரிந்தால் சோப்பு போதவில்லை. வறண்டு பொருக்குத் தட்டினால் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் கூடிப்போன நுரையைச் சுழற்றிச் சுழற்றிச் சரிசெய்ய முடியாது. பிரஷ்ஷை லேசாகப் பிழிந்து, மறுபடி சோப்பில் இருபது விநாடி சுழற்றி வாருங்கள்.

முதல் வாரம் நுரைக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஆகும். ஒரு மாதத்தில் இரண்டு நிமிடமாகிவிடும். காலையில் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய நாளில் தொடங்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள்.

7. முகத்தில் பூசுதல்

முகம் ஈரமாக இருக்கட்டும், துடைக்காதீர்கள். தாடிமயிர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் இளகி எளிதாக வெட்டுப்படும், ஆகவே குளித்த பிறகு சவரம் செய்வதே சரி.

முதலில் சிறு வட்டங்களாகச் சுழற்றிப் பூசுங்கள், நுரை மயிரின் அடிக்குப் போகும். பிறகு சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல மேலும் கீழுமாக இழுத்துச் சமப்படுத்துங்கள். தோல் மறைந்தால் போதும், அப்பளக்கட்டைக் கனம் வேண்டாம். நுரை போதாமல் இருப்பதாகத் தோன்றினால் கிண்ணத்தைப் பார்க்காமல் பிரஷ்ஷின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து நுனிப்பக்கமாக மெல்ல வழித்துப் பாருங்கள். பிளேடின் இரண்டாவது சுற்றுக்கான நுரை முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். நம்மூர் வெக்கையில் ஃபேனுக்கு அடியில் நின்று சவரம் செய்வது வழக்கமாகிவிட்டது. நல்ல நுரையும் அந்தக் காற்றில் இரண்டே நிமிடத்தில் காய்ந்து, பிளேடு இழுத்து எரியும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நுரை பூசுங்கள். மயிர் படியும் திசையில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, புதியவருக்கு அத்துடன் போதும். பிரஷ்ஷை அண்ணன் தம்பியோடும் பகிராதீர்கள். சிறு கீறலின் ரத்தம்கூடக் கொத்துக்குள் தங்கும்.

8. கழுவி உலர்த்துதல்: இரண்டாவது சிக்கல்

பிரஷ்ஷின் ஆயுள் இங்கேதான் முடிவாகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, அடிப்பகுதியை லேசாக அழுத்திப் பாருங்கள். வெள்ளை வருவது நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். வீட்டில் கடினநீர் என்றால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். துணிபோல முறுக்கிப் பிழியக்கூடாது. கொத்தாக அழுத்தி, ஐந்தாறு முறை பலமாக உதறி, காய்ந்த தோர்த்தில் இப்படியும் அப்படியும் நான்கு முறை தடவுங்கள்.

தலைகீழாகத் தொங்கவிடுவதா, நிமிர்த்தி வைப்பதா என்று பலர் சண்டை போடுகிறார்கள். உதறித் துடைத்த பிரஷ்ஷுக்கு இரண்டும் ஒன்றுதான். தேவை காற்றோட்டம். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். டப்பாவில் அடைக்காதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலிலும் வைக்காதீர்கள், முடி முறுமுறுத்துப் போகும், பிடியும் வெடிக்கலாம். நிழலான ஜன்னலோரம் போதும்.

காய எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆரல்வாய்மொழிக் காற்றில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் பிரஷ், குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்து நடுவில் மறுநாள் காலையிலும் அடியில் ஈரமாக இருக்கும். வெளிநுனி காய்ந்ததை நம்பாதீர்கள். முடியை விரலால் பிரித்து அடியைத் தொட்டுப் பாருங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரையும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் ஒரே பிரஷ்ஷைத் தினமும் நனைத்தால் பூஞ்சை பிடிக்கும். மலையோரத்துக்காரர்கள் இந்த மாதங்களில் ஒருநாள் பேட்ஜர், ஒருநாள் மலிவான செயற்கைப் பிரஷ் என்று மாற்றி வருவதே நல்லது. இரண்டாவது பிரஷ்ஷை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம், அது முதல் பிரஷ்ஷுக்கான காப்பீடு.

9. முடி விறைத்தாலோ வாடை வந்தாலோ

கடினநீரின் சோப்புக் கசடு படிந்தால் நுனிகள் ஒட்டிக்கொண்டு, முடி மெழுகு பூசியதுபோல் விறைக்கும். பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து, முடியை மட்டும் ஐந்து நிமிடம் முக்கி, நன்றாக அலசி, இரண்டு சொட்டு ஷாம்புவில் கழுவுங்கள். கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறை செய்யலாம், மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். லேசான புழுங்கல் வாடையும் இதிலேயே போகும். கறுப்புப் புள்ளிகள் கொத்தின் அடியில் தெரிந்து, கழுவியும் இரண்டாம் நாளே வாடை திரும்பினால் அந்தப் பிரஷ்ஷை முகத்தில் வைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஊருக்குப் போகும்போது அல்லது மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது இன்னொரு எதிரி உண்டு. கம்பளியை அரிக்கும் பூச்சிகள் இந்த முடியையும் அரிக்கும், சோப்பு மிச்சம் இருந்தால் கரப்பானும் வரும். சுத்தமாகக் கழுவி, இரண்டு நாள் முழுக்கக் காயவைத்து, காகிதத்தில் சுற்றி, பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் வையுங்கள். உருண்டை முடியில் படக்கூடாது. மறுபடி எடுக்கும்போது நான்காம் படியில் சொன்ன ஷாம்புக் கழுவலை ஒருமுறை செய்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.